தராவீஹ் லிஸ்டும் கணக்குப் பரீட்சையும்

உங்க கையில குடுத்திருக்கற நிகழ்ச்சித் தாள்ல என் பேருக்கு நேரா 'மார்க்கக் கல்வியும் பள்ளிக் கல்வியும்: ஒருங்கிணைப்பு'ன்னு போட்டிருக்காங்க. யாரு போட்டாங்கன்னு தெரியல. ஒருங்கிணைப்பு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பிகளா. பொறாமை பத்தி நல்லாத் தெரியும். அதைப் பேசிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள பஸ் பிடிக்கிறேன்.

இங்க ரெண்டு ரகமா உக்காந்திருக்கீங்க. தொப்பி போட்டவங்க இந்தப் பக்கம், பேனா சொருகினவங்க அந்தப் பக்கம். யாரும் சொல்லி உக்காரல, தானா அப்படி அமைஞ்சு போச்சு. இந்த நடுப் பாதையில நானும் ஒரு காலத்துல சுவரு வச்சவன்தான். அதனால சொல்றேன், ரெண்டு பக்கமும் கேட்டுக்கங்க.

நான் திண்டுக்கல் பக்கத்துல ஒரு மதரஸாவுல இருபத்தஞ்சு வருஷம் ஹிஃப்ழு வகுப்பு நடத்தினேன். பசங்க அங்கயே தங்கி, குர்ஆன் முழுசையும் மனப்பாடம் பண்ணுவாங்க. விடிகாலையில புதுப் பாடம், அப்புறம் பழசைத் திரும்ப ஓதிக் காட்டுறது, மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் மறுபடி பழசு. முப்பது ஜுஸ்வும், அதான் முப்பது பாகமும், முடிச்சவன் ஹாஃபிஸ். அவன் அத்தாவும் அம்மாவும் அழுதுக்கிட்டே வந்து என் கையைப் பிடிப்பாங்க. அந்த இடத்துல வேற எந்த வாத்தியாருக்கும் பங்கு கிடையாது. நான்தான், நான் மட்டும்தான்.

அப்புறம் காலம் மாறுச்சு. ஹாஃபிஸ் ஆகி வெளிய போற பசங்க பேங்க்ல ஒரு பாரம் நிரப்பத் திணறுறாங்கன்னு கமிட்டில பேச்சு வந்துச்சு. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வர்களா எழுத வைக்கலாம்னு முடிவாச்சு. நான் எதிர்த்தேன்னு நினைக்காதீங்க. முதல்ல கையெழுத்துப் போட்டதே நான்தான். நாலு கம்ப்யூட்டர் வந்துச்சு, ஒரு வெள்ளை போர்டு வந்துச்சு, இங்கிலீஷுக்கு ஒரு அம்மா வந்தாங்க. எல்லாத்துக்கும் மாஷா அல்லாஹ் சொன்னேன். அதுக்கப்புறம் கணக்குக்கு முருகேசன் சார் வந்தாரு.

அகரத்துக்காரரு. வெள்ளாமை பாக்குற வீடு. முப்பது வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, பழைய பைக். முதல் நாள் என்கிட்ட வந்து, "ஹஜ்ரத், எனக்கு இங்க பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. தப்பு பண்ணா சொல்லிருங்க"ன்னாரு. அம்புட்டு மரியாதை. அப்படி ஒரு ஆளைப் பிடிக்காமப் போறதுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். நான் மெனக்கெட்டேன்.

மூணே மாசம். பசங்க எல்லாம் அவரு பக்கம் சாஞ்சுட்டானுங்க. அவரு வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவுல பாதி உயரத்துச் சுவரு. அந்தப் பக்கம் இருந்து சிரிப்புச் சத்தம் வரும். கணக்குல என்னய்யா சிரிப்பு? எனக்குப் புரியவே இல்ல. ஒரு நாள் நானும் என் வகுப்புல ஒரு ஜோக் சொல்லிப் பாத்தேன். பசங்க பயந்துட்டானுங்க. ஒருத்தன் எந்திரிச்சு நின்னு, "மன்னிச்சிருங்க ஹஜ்ரத்"ங்கறான்.

வெள்ளிக்கிழமை பிரியாணில நல்லி எலும்பு ஒண்ணு என் தட்டுக்கு வரும். யாரும் ஏற்பாடு பண்ணது இல்ல, அதுவா வழக்கமாயிருச்சு. ஒரு வெள்ளிக்கிழமை தட்டைப் பாக்குறேன், நல்லி இல்ல. நிமிந்து பாத்தா, எதிர்ல முருகேசன் சார் அதை உறிஞ்சிக்கிட்டு இருக்காரு. பரிமாறுன பையன் அவரு பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுறான். சொல்ல வெக்கமா இருக்கு, அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அறுபதை நெருங்குன மனுசன், குர்ஆனை நெஞ்சுல வச்சிருக்கறவன், ஒரு எலும்புக்கு வயிறு எரிஞ்சு உக்காந்திருந்தேன்.

அதோட விட்டேனா? என் வகுப்பு முடியறது பத்தரைக்கு. அவரு வகுப்பு தொடங்குறதும் பத்தரைக்கு. நான் பத்து நாப்பதுக்கு விட ஆரம்பிச்சேன். கேட்டா, 'பழைய பாடம் முடியல'. மார்க்கம் சம்பந்தப்பட்ட காரணம், யாரு என்ன சொல்ல முடியும்? தினம் பத்து நிமிஷம் திருடுனேன் தம்பிகளா. அவரு ஒரு வார்த்தை கேக்கல. பத்து நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சு, பத்து நிமிஷம் லேட்டா முடிச்சாரு. சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகணும்னு சொல்லுவாரு, அது தள்ளிப் போகும். அவரு சண்டைக்கு வந்திருந்தா என் பொறாமை ஆறியிருக்கும். வராததுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்புச்சு.

இப்ப சுலைமான் பத்திச் சொல்லணும். பதினேழு வயசு. அவன் அத்தா அய்யலூர்ச் சந்தையில ஆட்டுத் தரகு பாக்குறவரு. ஏழு வருஷம் என்கிட்ட ஓதுனான். அந்த வருஷம்தான் முப்பது ஜுஸ்வும் முடிச்சான். என் கையில உருவானதுலயே சுத்தமான ஓதல் அவனோடது. அதே சுலைமான் முருகேசன் சார் கையிலயும் முதல் பையன். பாலிடெக்னிக்ல சேரணும்னு அவனுக்கு ஆசை. அவன் அத்தா ஒரே ஒரு வாய்ப்புக் குடுத்திருந்தாரு. "இந்தத் தடவை பத்தாவது பாஸானா படி. இல்லேன்னா ரிசல்ட் வந்த கையோட சென்னையில உன் மாமா கடைக்குப் போயிரணும், உனக்குக் கீழ நாலு பேரு இருக்காங்க"ன்னுட்டாரு. இது மதரஸாவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, தெரியாமப் பண்ண தப்பு இல்ல இது.

அந்த வருஷம் ரமலானும் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் ஒண்ணா வந்துச்சு. தொப்பி போட்டவங்களுக்கு இது தெரியும். பேனா சொருகின தம்பிகளுக்காகச் சொல்றேன். ரமலான் மாசம் பூரா ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் தராவீஹ்னு ஒரு நீளமான தொழுகை உண்டு. அதுல குர்ஆன் முழுசையும் தொடர்ச்சியா ஓதி முடிப்பாங்க. அதுக்கு ஹாஃபிஸ் வேணும். ஒவ்வொரு ஊரு ஜமாஅத்தும் வந்து கேக்கும். எந்தப் பையன் எந்த ஊருங்கறதை ஹிஃப்ழு உஸ்தாத், அதான் என்னை மாதிரி வாத்தியாரு, முடிவு பண்ணுவாரு. அந்த லிஸ்ட்டை யாரும் திருத்தினது கிடையாது. நாஜிர் கூட, அதான் நிர்வாகம் பாக்குறவரு, வாசிச்சுட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டிருவாரு.

டவுனுக்குள்ளயே ஒரு பள்ளிவாசல் கேட்டிருந்துச்சு. பரீட்சை எழுதுற ஸ்கூல் அங்க இருந்து நடை தூரம். சுலைமானை அங்க போடணும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். நான் அவனை நிலக்கோட்டைக்கும் அந்தப் பக்கம் ஒரு பூக்கார ஊருக்குப் போட்டேன். ரெண்டு பஸ் மாறணும். ரெண்டாவது பஸ் வந்தா வரும், இல்லேன்னா மல்லிகைப்பூ ஏத்துற வேனைப் பிடிச்சுத் தொத்திட்டுப் போகணும்.

நாஜிர் லிஸ்ட்டைப் பாத்துட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. "சுலைமானுக்குப் பரீட்சை வருதே ஹஜ்ரத்?"

"முதல் வருஷ ஹாஃபிஸ். டவுன்ல போட்டா கணக்குப் புஸ்தகத்தோடயே படுத்துக் கிடப்பான். முதல் ரமலான்ல சரியா ஓத வைக்கலேன்னா ஏழு வருஷப் பாடம் கலைஞ்சு போகும்"னேன்.

இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல, பாத்துக்கங்க. முதல் ரமலான் ஹாஃபிஸுக்கு ரொம்ப முக்கியம்தான். பொறாமை நம்மகிட்ட வர்றப்ப பொய்யைத் தூக்கிட்டு வராது. நல்ல உண்மையாப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் வரும். அதனாலதான் அதைப் பிடிக்க முடியாது.

அன்னிக்குச் சாயங்காலமே முருகேசன் சார் என் ரூம் வாசல்ல வந்து நின்னாரு. கையில பரீட்சை அட்டவணை.

"ஹஜ்ரத், ஒரு வார்த்தை. அஞ்சு பேப்பர். அஞ்சுக்கும் முந்தின ராத்திரி மட்டும் அவன் டவுன்ல தூங்கிட்டா போதும். மத்த நாளெல்லாம் அங்கயே இருக்கட்டும்."

"சார், உங்க வகுப்புல வந்து இந்தக் கணக்கைப் போடாதீங்க, அந்தக் கணக்கைப் போடுங்கன்னு நான் சொல்றேனா?"

"இல்லைங்க ஹஜ்ரத்."

"அப்ப இதுல நீங்க வராதீங்க."

முகம் செத்துப் போச்சு மனுசனுக்கு. "சரிங்க"ன்னுட்டு ஹெல்மெட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, நல்லி எலும்பு திரும்ப என் தட்டுக்கு வந்த மாதிரி. அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

சுலைமான்கிட்டச் சொன்னேன். "சரி ஹஜ்ரத்"னான். பெட்டியைக் கட்டிட்டுப் போயிட்டான்.

இன்னொரு தப்பும் பண்ணேன். தராவீஹ்ல ஓதுறவனுக்குப் பின்னாடி இன்னொரு ஹாஃபிஸ் நிப்பாரு. முன்னாடி நிக்கிறவன் தடுக்கினா எடுத்துக் குடுக்கறது அவரு வேலை. அதை நாங்க லுக்மா குடுக்கறதுன்னு சொல்லுவோம். பகல்லயும் அன்னன்னிக்கு ஓத வேண்டியதை அவருகிட்ட ஓதிக் காட்டித் திருத்திக்கணும். முதல் வருஷப் பையனை அந்தத் துணை இல்லாம அனுப்பவே கூடாது. நான் அனுப்பினேன். ஆள் பத்தலன்னு சொன்னேன். உண்மையிலயே பத்தலதான். ஆனா டவுன் பள்ளிவாசல்ல ரெண்டு பேரைப் போட்டிருந்தேன்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அந்த ஊரு முத்தவல்லி, பள்ளிவாசல் பொறுப்பு பாக்குறவரு, போன் பண்ணாரு. பூக் கமிஷன் கடை வச்சிருக்கறவரு. எதையும் நேராச் சொல்ல மாட்டாரு, ஊரைச் சுத்தித்தான் வருவாரு.

"பையன் ஓதல் தேனா இருக்கு ஹஜ்ரத். ஊரே சொக்கிப் போய்க் கிடக்கு. அது வந்து, ஒரு சின்ன விஷயம். தினம் லுஹர் முடிஞ்சதும் பைக்ல ஒருத்தரு வாராரு. ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்காங்க. சாக்பீஸை வச்சுத் தரையெல்லாம் எழுதுறாங்க. போறப்ப அவரே தண்ணி ஊத்திக் கழுவிட்டும் போயிர்றாரு, நல்ல மனுசன்தான். இருந்தாலும் உங்க காதுல போட்டு வைப்போமேன்னு."

எனக்கு மூக்குல வேர்த்துருச்சு. அன்னிக்கே கிளம்பினேன். அகரத்துல இருந்து அந்த ஊரு எங்க இருக்கு! பங்குனி வெயில்ல தினம் பைக் ஓட்டிட்டு வாராரா? என் பையனுக்காகவா? பஸ்ல உக்காந்து என்னென்ன பேசணும்னு வரிசையாத் தயார் பண்ணிட்டே போனேன். பள்ளிவாசலுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. ரமலான்ல ஹாஃபிஸோட நேரம் குர்ஆனுக்குத்தான். இதை நாஜிர்கிட்டக் கொண்டு போறேன், கமிட்டிக்குக் கொண்டு போறேன். அந்த ஆளை வேலையை விட்டே தூக்கிடலாம்னு கூட மனசுல ஓடுச்சு. நோன்பு வாயோட.

பள்ளிவாசல்ல, தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவி ஒளு செய்யற தொட்டிக்கு மேல தகரக் கூரை. அந்த நிழல்ல ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருந்தாங்க. கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு மெதுவாப் போனேன். பக்கத்துல போனா, சுலைமான் ஓதிட்டு இருக்கான். கணக்கு இல்ல. குர்ஆன்.

முருகேசன் சார் ஒரு காதுல மட்டும் போனோட வயரைச் சொருகி இருக்காரு. குர்ஆனை முறையா ஓதுறதுல பேர் போன யாரோ ஒரு பெரிய காரி ஓதுற பதிவு அதுல ஓடுது. இன்னொரு காதைப் பையன் பக்கம் குடுத்திருக்காரு. கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு சத்தத்தையும் ஒட்டுப் பாக்குறாரு. எங்கயாவது ஒத்து வரலேன்னா தொடையில ஒரு தட்டு. பையன் நிறுத்திட்டுத் திரும்ப ஓதுறான். அந்த மனுசனுக்கு அரபில ஒரு எழுத்து தெரியாது. பக்கத்துல அவரு தண்ணி பாட்டில் மூடி திறக்காமக் கிடந்துச்சு. வெயில்ல வந்தவரு, நோன்பு வச்சவன் முன்னாடி எப்படிக் குடிக்கிறதுன்னு அப்படியே வச்சிருக்காரு.

என் வேலையை அவரு செஞ்சுக்கிட்டு இருந்தாரு தம்பிகளா. நான் அனுப்பாம விட்ட ஆளோட வேலையை. வெக்கம் வரணும் இல்லையா? வரல. கணக்குத்தான் எடுத்துக்கிட்டே, இதுவுமான்னு எரிச்சல்தான் முதல்ல வந்துச்சு. உள்ளதைச் சொல்றேன்.

என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் எந்திரிச்சாங்க. "வாங்க ஹஜ்ரத்"னு அவரு வயரைக் காதுல இருந்து எடுத்தாரு. "எனக்குப் புரியாதுங்க, சத்தம் மாறுறது மட்டும்தான் தெரியும். துணைக்கு ஆள் இல்லாமத் தடுக்கிரும்னு இவன் பயந்தான். அதான் முதல்ல இதை முடிச்சுட்டுக் கணக்கு. நீங்களே வந்துட்டீங்க, இனி நீங்க பாருங்க."

நான் உக்காந்தேன். ஒரு உஸ்தாத் எப்படி ஓதல் கேப்பான்னு இந்த ஆளுக்குக் காட்டிரணும்னு நிமிந்து உக்காந்தேன். முஸ்ஹஃபை, அதான் அச்சடிச்ச குர்ஆனை, திறக்கல. எனக்கு எதுக்கு முஸ்ஹஃப்? சுலைமான் ஓதிட்டே வந்தான். ஒரு இடம் வந்துச்சு. குர்ஆன்ல ஒண்ணு போலவே வர்ற வசனங்கள் உண்டு. ஒரு சூராவுல, அதான் அத்தியாயத்துல, ஒரு மாதிரி முடியும், இன்னொண்ணுல ஒரே ஒரு வார்த்தை மாறி முடியும். அந்த இடத்துல அவன் ஓதினது எனக்குத் தப்பாப் பட்டுச்சு. "ம்ஹும்"னு தலையை ஆட்டித் திருத்தினேன். பையன் ஒரு கணம் என்னைப் பாத்தான். "சரி ஹஜ்ரத்"னு நான் சொன்ன மாதிரியே மாத்தி ஓதினான்.

முருகேசன் சார் திரும்ப வயரைக் காதுல வச்சாரு. முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் ரொம்பத் தயங்கி, "ஹஜ்ரத், மன்னிக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவன் முதல்ல சொன்ன சத்தம்தான் இதுல வருது"ன்னாரு.

முஸ்ஹஃபை எடுத்துக் கண்ணாடியை மாட்டிப் பாத்தேன். பையன் ஓதினதுதான் சரி. நான்தான் தப்பு.

தம்பிகளா, இங்க கொஞ்சம் கவனமாக் கேளுங்க. தப்பிக்க எனக்கு ஒரு வழி இருந்துச்சு. குர்ஆனை ஓதுறதுல சில வார்த்தைகள் மாறி வர்ற வேற வேற முறைகள் இருக்கு. 'அந்தப் போன்ல ஓதுறது வேற முறை சார், உங்களுக்குத் தெரியாது'ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துருச்சு. அந்த ஆளால அதை மறுக்க முடியாது. சுலைமான் மறுக்கவே மாட்டான். என் மானம் காப்பாத்தப்பட்டிருக்கும். ஆனா அன்னிக்கு ராத்திரி அவன் தொழுகையில நின்னு, ஒரு ஊரே பின்னாடி நிக்க, நான் சொன்ன தப்பை ஓதுவான். திருத்த யாரும் இருக்க மாட்டாங்க. ஏழு வருஷம் நான் சுத்தமா வச்சிருந்த ஓதல்ல நானே அழுக்கைப் பூசினவனா ஆயிருப்பேன்.

முஸ்ஹஃபை மூடினேன். அவங்க ரெண்டு பேரும் என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க.

"நான் சொன்னது தப்பு அப்பு. நீ முதல்ல ஓதினதே சரி. அதையே ஓது"ன்னேன்.

அந்த ஒரு வரியைச் சொன்னதும் அடுத்தது கொஞ்சம் சுலபமாயிருச்சு. அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். அஞ்சு பரீட்சை, அஞ்சு முந்தின ராத்திரி. "இந்த அஞ்சு ராத்திரியும் நான் இங்க வந்து தொழ வைக்கிறேன். நோன்பு திறந்ததும் நீ சாரோட பைக்ல டவுனுக்குப் போயிரு"ன்னு சொன்னேன்.

சுலைமான் முகம் மலரும்னு எதிர்பாத்தேன். அவன் கையைப் பிசைஞ்சான். "உங்களுக்குப் பின்னாடி எடுத்துக் குடுக்க யாரும் இல்லையே ஹஜ்ரத்"னான்.

மெதுவாத்தான் சொன்னான், மரியாதையாத்தான் சொன்னான். எனக்கு மறக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வகுப்புல நான் விட்ட இடங்களைப் பசங்க பேசாம ஓதிச் சமாளிச்சுட்டு இருந்திருக்கானுங்க. எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒரு வேளை எனக்கும் தெரிஞ்சிருக்கலாம். அடுத்த ரூம்ல ஒருத்தன் நல்லா நடத்துறதைப் பாத்து இம்புட்டு எரிச்சல் வந்ததே அதனாலதானோ என்னவோ.

"அலம்தர வச்சுத் தொழ வைக்கிறேன்"னேன். அப்படின்னா, குர்ஆனைத் தொடராம, கடைசியில இருக்கற சின்னச் சின்ன சூராக்களை மட்டும் ஓதித் தொழ வைக்கிறது. சின்னப் பிள்ளைங்களுக்கே மனப்பாடமா இருக்கும். ஹாஃபிஸ் கிடைக்காத ஊர்ல அப்படித்தான் தொழுவாங்க. ஹாஃபிஸுகளை உருவாக்குற உஸ்தாத் வந்து நின்னு அலம்தர ஓதினா ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியும். பேசுச்சு. முதல் ராத்திரி முடிஞ்சு வெளிய வர்றேன், ஒரு பெருசு செருப்பைத் தேடிக்கிட்டே, "பையனை அனுப்பிட்டு ஹஜ்ரத் சீக்கிரமா வீட்டுக்கு விட்டுட்டாரு"ங்குது. எல்லாரும் சிரிச்சாங்க. முத்தவல்லி நெளிஞ்சாரு. நானும் என் செருப்பைத் தேடி எடுத்துட்டுக் கிளம்பினேன்.

மத்த ராத்திரிகள்ல சிலதுல சுலைமான் ரெண்டு ரெண்டு ஜுஸ்வா ஓதி ஈடு கட்டினான். இருபத்தேழாம் ராத்திரி முடிய வேண்டியது இருபத்தொம்பதுல முடிஞ்சது. நான் பகல்ல போய் முஸ்ஹஃபைத் திறந்து வச்சுக்கிட்டு ஓதல் கேட்டேன். பக்கத்துல முருகேசன் சார் தன் முறைக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் முடிச்சதும் அவரு சாக்பீஸை எடுப்பாரு. நான் கிளம்பிப் போகாம அங்கயே உக்காந்து பாப்பேன். கத்துக்கறதுக்குன்னு நினைச்சுராதீங்க. பையன் எங்க அதிகமாச் சிரிக்கிறான்னு பாக்கத்தான்.

கணக்குப் பரீட்சை அன்னிக்குப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு மதரஸா வாசல்ல நடந்தேன். ஒண்ணு இருபதுக்குப் போன் வந்துச்சு. முருகேசன் சார். "பையன் கூப்பிட்டான் ஹஜ்ரத், நல்லா எழுதியிருக்கானாம்." அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன். போனை வச்சதும் மனசுல வந்தது என்ன தெரியுமா? அவருக்குத்தான் முதல்ல பண்ணியிருக்கான்.

பாஸானான். நல்ல மார்க். அவன் அத்தா ஒரு முழு ஆட்டுக் கறியோட வந்து மதரஸாவுக்கே விருந்து போட்டாரு. என் கையைப் பிடிச்சு அழுதாரு, அப்புறம் அந்தக் கையை விட்டுட்டு முருகேசன் சார் கையைப் பிடிச்சு அழுதாரு. அங்க கொஞ்ச நேரம் கூடவே ஆச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அடுத்த வருஷம், ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாசத்துல, லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி நானே முருகேசன் சாரைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திட்டு, "போன வருஷம் அவனை அந்த ஊருக்குப் போட்டது மார்க்கத்துக்காக இல்ல சார். உங்க மேல இருந்த பொறாமையில"ன்னு சொல்லிட்டேன்.

அவரு கையில இருந்த அந்த வருஷப் பரீட்சை அட்டவணையை மடிச்சுக்கிட்டே, "தெரியும் ஹஜ்ரத்"னாரு. "சுலைமானுக்கும் தெரியும்"னாரு.

பையனுக்குமா? எப்ப இருந்துன்னு கேட்டேன்.

"நீங்க போகச் சொன்ன அன்னிக்கே, இது எதுக்குன்னு என்கிட்டச் சொல்லிட்டான்."

அந்தப் பெருநாளுக்கு சுலைமான் பாலிடெக்னிக்ல இருந்து லீவுல வந்தான். ஸலாம் சொல்லி, ரெண்டு கையும் குடுத்து முஸாஃபஹா பண்ணி, எப்பவும் போல கையைக் கட்டிக்கிட்டு நின்னான். எனக்குப் பொறுக்கல. நேராக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமாமே? படிப்பே போயிருக்கும்டா. சென்னைக்குப் போயிருப்ப. தெரிஞ்சும் ஏன்டா அப்பு போன?"

"நீங்க சொன்னீங்கல்ல ஹஜ்ரத்."

அவ்வளவுதான். அதைக் குத்தலா சொல்லல. வருத்தமாவும் சொல்லல. தொழுகைக்கு நேரமாச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னான். நான் அந்தப் பூக்கார ஊர்ல தப்பாத் திருத்தினப்போ "சரி ஹஜ்ரத்"னு மாத்தி ஓதினானே, சரியானது தெரிஞ்சிருந்தும், அதுவும் இதுதான். ஏழு வருஷம் நான் அவனுக்குள்ள இதைத்தான் நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன்.

விட்டுத் தொலைச்சிருக்கலாம். என் புத்தி விடல. இன்னொண்ணும் கேட்டேன்.

"முருகேசன் சார் அப்படி ஒரு ஊருக்குப் போகச் சொல்லியிருந்தா, போயிருப்பியா?"

கொஞ்சம் யோசிச்சான். அப்புறம் சிரிச்சான். என் முன்னாடி அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

"அவருகிட்டன்னா ஏன் சார்னு கேட்டிருப்பேன் ஹஜ்ரத்."

தம்பிகளா, எனக்கு வயசாயிருச்சு, பொறாமை எல்லாம் போயிருச்சுன்னு சொல்ல ஆசைதான். மத்ததெல்லாம் போயிருச்சு. அந்த 'ஏன் சார்' மேல இருக்கறது மட்டும் போகல.